முட்டியில் வைத்து உடைக்காதீர்கள்: பெரிய நெற்றுகளை இனங்காண்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன ஞாயிறு பெரம்பூர் ரயில்வே குடியிருப்புப் பக்கம் மரம் பார்க்கப் போயிருந்தோம். புதிதாக வந்த தம்பி ஒருவர் கீழே கிடந்த முழ நீள நெற்றை, அதாவது முற்றிக் காய்ந்த காயை, எடுத்தார். நான் வாய் திறப்பதற்குள் முட்டியில் வைத்துப் படக்கென்று இரண்டாக்கிவிட்டார். "இன்னாண்ணே, உள்ள இன்னா கீதுன்னு பாத்தாதானே இன்னா மரம்னு தெரியும்?"

அவரைத் திட்ட எனக்கு யோக்கியதை இல்லை. இருபது வருடத்துக்கு முன் நானும் அதையே செய்தவன்தான். என் கையில் இருந்தது இன்னும் அரிய பொருள், அவ்வளவுதான் வித்தியாசம்.

தேதி எழுதுங்கள், இடம் எழுதுங்கள், படம் எடுக்கும்போது பக்கத்தில் ஸ்கேல் வையுங்கள் என்பதை எல்லோரும் சொல்வார்கள். நான் அதற்குள் போகவில்லை.

உடைத்துப் பார்ப்பது

கேரளத்திலிருந்து வந்த மாமா ஒரு எண்டாடா நெற்றைச் சாக்கில் சுற்றி ரயிலேற்றிக் கொண்டுவந்தார். அங்கே அதைக் காக்கவள்ளி என்கிறார்கள். காட்டு மரங்களின் மேல் படரும் ராட்சதக் கொடி. அவரை, துவரையின் குடும்பம்தான், ஆனால் நெற்று ஒரு மீட்டரைத் தாண்டும். தண்டையார்பேட்டையில் அப்போது எங்களுக்கு ஒண்டுக்குடித்தனம். பீரோ மேல் நிற்கவில்லை, கட்டிலுக்கடியில் நுழையவில்லை. உடைத்தேன். கட்டம் கட்டமாகக் கழன்று வந்ததை ரேஷன் பையில் போட்டுக்கொண்டு, மிஞ்சிய இரண்டு நீளக் குச்சிகளைக் குப்பையில் எறிந்தேன்.

மறுவாரம், தாவரவியல் கற்பித்து ஓய்வு பெற்ற ஐயா ஒருவரிடம் பெருமையாகக் கொண்டுபோனேன். பையைக் கவிழ்த்து ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தார். "சட்டம் எங்கேப்பா?" என்றார். விழித்தேன். "முழு நோட்டக் காட்டுவேன்னு பாத்தா, சில்லறை மாத்திட்டு வந்திருக்கியே."

குப்பைக்குப் போன குச்சிகள்தான் அந்தச் சட்டம். எண்டாடா நெற்று முற்றினால் வெடிக்காது. ஒவ்வொரு விதையும் தன் கட்டத்தோடு தனித்தனியாக விழ, சுற்று விளிம்பு மட்டும் படம் கழன்ற சட்டம்போலக் கொடியிலேயே தொங்கும். அடையாளமே அதுதான். அப்படி ஒரு முழு நெற்று அதற்குப் பிறகு என் கைக்கு வரவில்லை.

நெற்று தானாக எப்படித் திறக்கிறது என்பதிலேயே பாதி விடை இருக்கிறது. பெரம்பூர்த் தம்பி உடைத்தது குல்மொகர். அது இரண்டு ஓரமும் விட்டுப் பலகைபோலப் பிளக்கும், விதைகள் குறுக்குவாட்டில் பள்ளங்களில் படுத்திருக்கும். குதிரைப்பிடுக்கன் ஒரே பக்கம் வாய் பிளந்து சிவப்புப் படகு மாதிரி ஆகும், கறுப்பு விதைகள் அதன் விளிம்பில் ஒட்டியிருக்கும். மகோகனி காம்புப் பக்கத்திலிருந்து திறக்க, நடுத்தண்டு நிற்கும், விதைகள் இறக்கையோடு பறக்கும். தூங்குமூஞ்சி நெற்று திறக்கவே திறக்காது. பிசுபிசுவென்று இனிக்கும் அதை ஆடுமாடுகள் தின்றுவிடும். கையால் உடைத்துவிட்டால் இதில் எதைப் பார்ப்பீர்கள்? வெட்டித்தான் ஆக வேண்டுமென்றால் ஒன்றுக்கு மூன்று பொறுக்கி, ஒன்றை மட்டும் வெட்டுங்கள்.

நீளத்தை வைத்துப் பெயர் சொல்வது

நீண்ட கறுப்புக் குழாய் எல்லாம் சரக்கொன்றை அல்ல. ஜாவாக் கொன்றைக்கும் அதே நீளம், அதே உருளை. பொறுக்கியதில் ஒன்றை வெட்டினால் சரக்கொன்றையில் கரிய பிசின்போன்ற சதை கையில் ஒட்டும். மற்றதில் தக்கைபோல உலர்ந்த வில்லைகள்தான்.

சுரைக்காய் மரம்

கிகேலியாவில் தொங்குவது நெற்றல்ல, பழம். தானாகப் பிளக்காது. ஒவ்வொன்றும் சில கிலோ இருக்கும், அதன் கீழே வண்டியை நிறுத்தாதீர்கள்.

வாயில் வைப்பது

சரக்கொன்றைச் சதை பேதிக்குப் போகும். ராசப்பா செட்டித் தெரு நாட்டுமருந்துக் கடைகளில் கேட்டு வாங்குவது வேறு, தெருவில் பொறுக்கி நக்குவது வேறு. காட்டரளிப் பருப்பு ஆளையே கொல்லும். போதும்.

கரையில் கிடைத்ததற்கு ஊருக்குள் மரம் தேடுவது

கார்த்திகை மழை ஓய்ந்தபின் எண்ணூர்ப் பக்கம் மணலில் சில சமயம் பளபளவென்று பழுப்பு வட்ட விதை ஒதுங்கியிருக்கும். அதே எண்டாடாதான். இரண்டு பருப்புக்கும் நடுவே காற்று அடைபட்டிருப்பதால் மாதக்கணக்கில் மிதக்கும். அந்தமானிலிருந்து வந்திருக்கலாம், அதற்கும் அப்பாலிருந்தும் வந்திருக்கலாம். "எண்ணூரில் வளரும் கொடி" என்று நோட்டில் எழுதாதீர்கள். ஒதுங்கியது என்று எழுதுங்கள்.

அங்கேயே கழிமுகத்துப் பக்கம் பச்சையாக, முருங்கைக்காய் கணக்காக ஒன்று கிடந்தால் அது நெற்றே அல்ல. சுரபுன்னை என்னும் அலையாத்தி மரத்தின் நாற்று, தாய்மரத்திலேயே முளைத்து இறங்கியது. அதையும் முட்டியில் வைக்காமல், கூர்முனை கீழாகச் சேற்றில் செருகிவிட்டு வாருங்கள்.