விண்டோஸ் திறக்காத கணினியைச் சரிசெய்யும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பொத்தானை அழுத்தியதும் தயாரிப்பாளரின் சின்னம் தோன்றுகிறது, அதன் கீழே புள்ளிகள் சிறிது நேரம் சுழல்கின்றன, பிறகு நீலத் திரையில் (விண்டோஸ் 11இன் புதிய பதிப்புகளில் கறுப்புத் திரையில்) ஒரு பிழைச் செய்தி வருகிறது. கணினி தானாகவே மீண்டும் தொடங்குகிறது. மறுபடியும் அதே நீலத் திரை. விண்டோஸின் இயங்குதளக் கோப்புகள் பழுதடைந்தால் பெரும்பாலும் இப்படித்தான் நடக்கும். மின்சாரம் போய்க் கணினி சட்டென அணைந்திருக்கலாம், அப்டேட் பாதியில் நின்றிருக்கலாம், வட்டில் ஒரு பகுதி பழுதாகியிருக்கலாம், கணினியின் பாகங்களை இயக்கும் டிரைவர் மென்பொருள்களில் ஒவ்வாத ஒன்று உள்ளே வந்திருக்கலாம். எப்படி நேர்ந்திருந்தாலும், அந்த நிமிடத்தில் உங்கள் கடிதங்களும் படங்களும் கணக்குகளும் அநேகமாக வட்டில் அப்படியே இருக்கின்றன. அடுத்த ஒரு மணி நேரத்தில் பதற்றத்தோடு செய்யப்படும் பழுதுபார்ப்பில்தான் அவை அழிவதை நான் பலமுறை கண்டிருக்கிறேன்.

எனக்குத் தெரிந்த ஆராய்ச்சி மாணவி ஒருவர் இப்படி நின்றுபோன மடிக்கணினியைப் பழுதுபார்க்கும் கடை ஒன்றுக்கு எடுத்துச் சென்றார். "சி டிரைவை மட்டும் ஃபார்மேட் செய்து விண்டோஸ் போட்டுவிடலாம், டி டிரைவில் இருப்பது போகாது" என்று சொன்னார்கள்; தன் வேலையெல்லாம் டி டிரைவில் இருப்பதாக நம்பி அவரும் சம்மதித்தார். டி டிரைவில் இருந்தது போகவில்லை. ஆனால் இரண்டு ஆண்டுக் களக்குறிப்புகளை அவர் டெஸ்க்டாப்பில் ஒரு கோப்புறையாக வைத்திருந்தார், டெஸ்க்டாப் என்பது சி டிரைவில் யூசர்ஸ் கோப்புறைக்குள் இருக்கும் ஓர் இடம் என்பதை யாரும் அவரிடம் சொல்லவில்லை. டவுன்லோட்ஸ், டாகுமென்ட்ஸ், பிக்சர்ஸ் ஆகியவையும் வழக்கமாக அங்கேயே இருக்கின்றன. ஆகவே எந்தப் பழுதுபார்ப்புக்கும் முன்னர் கோப்புகளை வெளியே எடுத்துவிட வேண்டும். அதைத் தள்ளிப்போடுவதே தவறுகளில் பெரியது.

விண்டோஸ் திறக்காவிட்டாலும் கோப்புகளை எடுக்க வழி உண்டு. தொடர்ந்து இரண்டு முறை தொடக்கம் தோல்வியடைந்தால் விண்டோஸ் வழக்கமாகப் பழுதுபார்க்கும் கருவிகள் கொண்ட தன் ரெக்கவரி சூழலுக்குத் தானே செல்லும். செல்லாவிட்டால், வேறொரு கணினியில் மைக்ரோசாஃப்டின் தளத்திலிருந்து தயாரித்த விண்டோஸ் பென் டிரைவைச் செருகித் தொடங்கலாம். அங்கே கட்டளைகளைத் தட்டும் சாளரமான கமாண்ட் பிராம்ப்டைத் திறந்து நோட்பேட் என்று ஆங்கிலத்தில் தட்டினால் நோட்பேட் திறக்கும். அதன் ஓப்பன் சாளரத்தில் எல்லா வகைக் கோப்புகளையும் காட்டச் செய்தால், அதுவே ஒரு சிறிய கோப்பு மேலாளராகப் பயன்படும். வேண்டிய கோப்புறையை வலது சொடுக்கி நகலெடுத்து வெளி வட்டில் ஒட்டலாம். எவ்வளவு முடிந்தது என்று அது காட்டாது என்பதால் பொறுமை தேவை. லினக்ஸ் என்ற மற்றோர் இயங்குதளம் உள்ள பென் டிரைவ் கொண்டும் இதைச் செய்யலாம், ஆனால் தொடக்கத்தை விரைவாக்கும் விண்டோஸின் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் வசதி இயங்கியிருந்தால் வட்டு பாதி உறங்கிய நிலையில் இருக்கும். அதைப் படிப்பதற்கு மட்டுமான முறையில் திறக்க வேண்டும். எழுத அனுமதிக்கும்படி வற்புறுத்தித் திறப்பது இருக்கும் பழுதைப் பெரிதாக்கும்.

இந்த இடத்தில் பலர், வட்டைப் பூட்டும் விண்டோஸின் குறியாக்க வசதியான பிட்லாக்கரின் திரையைச் சந்திக்கிறார்கள். வட்டு குறியாக்கம் செய்யப்பட்டிருந்தால், 48 இலக்கங்கள் கொண்ட மீட்புச் சாவி இல்லாமல் ரெக்கவரி சூழலால் உள்ளே இருக்கும் எதையும் தொட முடியாது. தாங்கள் பிட்லாக்கரை ஒருபோதும் இயக்கியதில்லை என்று அவர்கள் சொல்வது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் பல புதிய மடிக்கணினிகளில், மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்ததும் குறியாக்கம் தானாகவே தொடங்கிவிடுகிறது. 2024இல் வெளிவந்த விண்டோஸ் 11இன் 24எச்2 பதிப்பைப் புதிதாக நிறுவும்போது இது இன்னும் பல கணினிகளுக்கு விரிந்தது. சாவி பெரும்பாலும் அந்தக் கணக்கிலேயே பதிவாகியிருக்கும், கைபேசியிலிருந்தே நுழைந்து எடுத்துக்கொள்ளலாம். அதை எழுதி வைத்துக்கொள்ளாமல் கணினியின் அடிப்படை அமைப்புத் திரையான பயாஸுக்குள் சென்று, தொடக்கத்தைப் பாதுகாக்கும் செக்யூர் பூட்டை மாற்றுவதும் குறியாக்கச் சாவியைக் காக்கும் டிபிஎம் சில்லைத் துடைப்பதும் மிகுந்த ஆபத்து, சாவி கிடைக்காவிட்டால் அந்தத் தரவு திரும்பி வராது. பயாஸில் வட்டோடு கணினி பேசும் முறையை ஏஎச்சிஐ என்பதிலிருந்து ரெய்டு என்பதற்கு மாற்றிப் பார்ப்பதும் இதே வகையைச் சேர்ந்தது. ஒரு பழுதுக்கு மருந்து தேடப்போய், தொடக்க வட்டையே அணுக முடியவில்லை என்ற இரண்டாவது பழுதை அது கொண்டுவரும்.

கோப்புகள் ஏன் பழுதடைந்தன என்று கேட்காமலே அவற்றைத் திருத்தத் தொடங்குவது அடுத்த தவறு. ஹார்ட் டிஸ்கிலிருந்து டிக் டிக் என்ற ஒலி வந்தாலோ, ஒரு கோப்புறையைத் திறக்கவே பல நிமிடங்கள் ஆனாலோ, குற்றவாளி விண்டோஸ் அன்று, வட்டுதான். அத்தகைய வட்டின் மீது பலர் செக்டிஸ்க் என்ற வட்டுச் சோதனைக் கட்டளையை ஆர் என்ற விருப்பத்துடன் ஓடவிடுகிறார்கள். அது வட்டின் ஒவ்வொரு செக்டரையும், அதாவது சிறு பகுதியையும், படித்துப் பார்க்கும், பல மணி நேரம் எடுக்கும், இறந்துகொண்டிருக்கும் வட்டுக்கு எஞ்சியிருக்கும் உயிரையும் அந்த உழைப்பிலேயே தீர்த்துவிடக்கூடும். தரவை எடுத்த பிறகே செக்டிஸ்க்.

விண்டோஸின் கோப்புகளைச் சோதித்துப் பழுதானவற்றை மாற்றும் எஸ்எஃப்சி கட்டளைக்கு வருவோம். இதைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் எல்லோரும் முதலில் நாடுவதும் பெரும்பாலோர் தவறாகப் பயன்படுத்துவதும் இதுதான். இயங்கிக்கொண்டிருக்கும் விண்டோஸில் எஸ்எஃப்சி /ஸ்கேன்நவ் என்று தட்டினால் போதும். ரெக்கவரி சூழலில் அது போதாது. அங்கே இயங்கிக்கொண்டிருப்பது உங்கள் விண்டோஸ் அன்று, நினைவகத்தில் எக்ஸ் என்ற எழுத்துடன் ஏற்றப்பட்ட ஒரு சிறிய விண்டோஸ். எந்த விண்டோஸைச் சரிபார்க்க வேண்டும் என்று சொல்லாமல் கட்டளையிட்டால், பழுது நீக்கம் ஒன்று நிலுவையில் உள்ளது, மறுதொடக்கம் செய்யுங்கள் என்ற செய்தி வரும், அல்லது அந்தச் சிறிய விண்டோஸையே சோதித்துவிட்டு எல்லாம் நலம் என்று அது அறிவிக்கும். மறுதொடக்கம் செய்தால் அதே நீலத் திரை. எஸ்எஃப்சியால் பயனில்லை என்று முடிவுகட்டி ஃபார்மேட்டுக்குப் போகிறார்கள்.

டிரைவ் எழுத்துகளும் அங்கே மாறியிருக்கலாம். வழக்கமாக நீங்கள் சி என்று அறிந்த டிரைவ் ரெக்கவரி சூழலில் டி அல்லது ஈ என்று தோன்றக்கூடும். வட்டுகளைக் கையாளும் டிஸ்க்பார்ட் கருவியைத் திறந்து லிஸ்ட் வால்யூம் என்று கேட்டு, அளவைக் கொண்டு ஊகித்து, அதிலிருந்து வெளியேறிய பின் டிர் டி:\ என்று பார்த்து, விண்டோஸ், யூசர்ஸ் கோப்புறைகள் இருப்பதை உறுதி செய்துகொள்ள வேண்டும். அது டி என்று தெரிந்தால், கட்டளை எஸ்எஃப்சி /ஸ்கேன்நவ் /ஆஃப்பூட்டிர்=டி:\ /ஆஃப்விண்டிர்=டி:\விண்டோஸ் என்றாகும். இங்கே தமிழில் எழுதியிருக்கும் கட்டளைகளை அங்கே ஆங்கில எழுத்துகளில் தட்ட வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. இடைவெளிகள் முக்கியம் என்பதைச் சொல்ல வேண்டும்.

எஸ்எஃப்சி பழுதான கோப்புக்கு மாற்றை வின்எஸ்எக்ஸ்எஸ் என்ற கிடங்கிலிருந்து எடுக்கிறது. கிடங்கே பழுதாகியிருந்தால், பழுதுகளைக் கண்டேன், சிலவற்றைச் சரிசெய்ய முடியவில்லை என்று அது கைவிரிக்கும். அப்போது அதையே நான்கு முறை திரும்பத் திரும்ப ஓடவிடுவதில் பொருளில்லை. கிடங்கை டிஸ்ம் கட்டளையால் முதலில் செப்பனிட்டுவிட்டு எஸ்எஃப்சிக்குத் திரும்ப வேண்டும். இங்கும் அதே தவறு காத்திருக்கிறது. டிஸ்மில் ஆன்லைன் என்று எழுதினால் அது இயங்கிக்கொண்டிருக்கும் விண்டோஸை, அதாவது ரெக்கவரி சூழலைக் குறிக்கும். எனவே இமேஜ் என்ற விருப்பத்தில் உங்கள் டிரைவைச் சுட்ட வேண்டும். மாற்றுக் கோப்புகளுக்கு மூலமாக விண்டோஸ் பென் டிரைவிலுள்ள இன்ஸ்டால் என்ற விம் அல்லது இஎஸ்டி கோப்பைக் கொடுக்க வேண்டும், அதுவும் உங்கள் கணினியிலுள்ள அதே பதிப்பாகவும் ஹோம் அல்லது ப்ரோ என்ற அதே வகையாகவும் இருக்க வேண்டும். எக்ஸ் டிரைவில் இடம் மிகக் குறைவு என்பதால், தற்காலிகக் கோப்புகளுக்கான ஸ்க்ராட்ச்டிர் என்ற விருப்பத்தில் பெரிய டிரைவில் ஒரு கோப்புறையைக் காட்டாவிட்டால் டிஸ்ம் பாதியில் நின்றுவிடுவதுண்டு.

ரெக்கவரி சூழலில் தானாகப் பழுதுபார்க்கும் ஸ்டார்ட்அப் ரிப்பேர் தோற்றுப்போனால் அத்துடன் அதை மறந்துவிடுகிறார்கள். அது எழுதிவைக்கும் குறிப்பை யாரும் படிப்பதில்லை. விண்டோஸ், சிஸ்டம்32, லாக்ஃபைல்ஸ், எஸ்ஆர்டி என்று உள்ளே சென்றால் எஸ்ஆர்டிட்ரெயில் என்ற உரைக் கோப்பு இருக்கும். தொடக்கத்துக்கு அவசியமான இன்ன கோப்பு பழுதாகியுள்ளது என்று சில வேளைகளில் அதில் பெயரோடு எழுதியிருக்கும். அந்தக் கோப்பு வேறொரு நிறுவனத்தின் டிரைவராக இருந்தால் எஸ்எஃப்சியால் அதைச் சரிசெய்யவே இயலாது. அது விண்டோஸின் கோப்புகளை மட்டுமே காக்கிறது. 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் பாதுகாப்பு மென்பொருளின் பிழையான அப்டேட் ஒன்றால், மைக்ரோசாஃப்டின் கணிப்பில் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத் திரையில் விழுந்தன. விண்டோஸின் கோப்புகள் எதுவும் பழுதாகவில்லை. மிக அவசியமான டிரைவர்களோடு மட்டும் திறக்கும் சேஃப் மோடுக்கோ ரெக்கவரி சூழலுக்கோ சென்று, டிரைவர்கள் கோப்புறையில் 291 என்ற எண்ணைத் தாங்கிய கோப்பை நீக்கினால் போதுமானதாக இருந்தது. ஒரு கோப்பை நீக்கித் தீரும் பழுதுக்கு முழு நிறுவலைச் செய்திருந்தால் எவ்வளவு வீண் இழப்பு! பழுது ஓர் அப்டேட்டுக்குப் பின் வந்ததென்றால், ரெக்கவரி சூழலில் அண்மை அப்டேட்டை நீக்கும் வசதியை முதலில் முயல்வதே முறை.

விண்டோஸின் அமைப்புகளைச் சேமித்துவைக்கும் ரெஜிஸ்ட்ரியைப் பற்றிய ஒரு பழைய அறிவுரை இன்றும் சுற்றிக்கொண்டிருக்கிறது, அது எனக்கு உண்மையாகவே கவலை தருகிறது. சிஸ்டம்32 கோப்புறையின் கான்ஃபிக் என்ற இடத்தில் ரெஜிஸ்ட்ரி இருக்கிறது. அதனுள் ரெக்பேக் என்ற கோப்புறையில் விண்டோஸ் வைத்திருக்கும் காப்புநகல்களை எடுத்து மேலெழுதுங்கள் என்பது அந்த அறிவுரை. விண்டோஸ் 7 காலத்தில் அது பல கணினிகளை மீட்டது. ஆனால் 2018இல் வந்த விண்டோஸ் 10இன் 1803 பதிப்பு முதல், அந்தக் காப்புநகல் தானாக எடுக்கப்படுவதில்லை. கோப்புகளின் பெயர்கள் மட்டும் இருக்கும், அளவு பூச்சியமாக இருக்கும். அந்த வெற்றுக் கோப்புகளை மெய்யான ரெஜிஸ்ட்ரியின் மேல் எழுதினால், சரிசெய்யக்கூடிய நிலையில் இருந்த கணினி அந்த நொடியே மீளாத நிலைக்குச் செல்கிறது. அளவைப் பார்க்காமல் அங்கிருந்து எதையும் எடுக்கக்கூடாது. பார்த்த பின்னும், கான்ஃபிக் கோப்புறை முழுவதையும் வேறிடத்தில் நகலெடுத்து வைத்த பிறகே மாற்ற வேண்டும். கணினியை முந்தைய நிலைக்குத் திருப்பும் சிஸ்டம் ரீஸ்டோர் புள்ளி ஏதேனும் இருந்தால் அது இதைவிடப் பாதுகாப்பான வழி.

தொடக்கத்தைச் சரிசெய்யப் பயன்படும் பூட்ரெக் கட்டளைகளும் அப்படிப் பழைய காலத்தின் எச்சமே. அவற்றில் ஃபிக்ஸ்எம்பிஆர் பழைய பயாஸ் முறைக்குரியது. பயாஸின் இடத்தில் வந்த யூஇஎஃப்ஐ கொண்ட இன்றைய கணினிக்கு அதனால் பயனில்லை, ஃபிக்ஸ்பூட் பல நேரங்களில் அனுமதி மறுக்கப்பட்டது என்று நிற்கும். அனுமதி மறுக்கப்பட்டதும் சிலர், தொடக்கக் கோப்புகள் இருக்கும் வட்டுப் பகுதியான இஎஃப்ஐ பார்ட்டிஷனையே ஃபார்மேட் செய்கிறார்கள். அதற்குப் பதிலாக, அந்தச் சிறிய பகுதிக்கு டிஸ்க்பார்ட்டில் எஸ் என்று ஓர் எழுத்தைக் கொடுத்து, பிசிடிபூட் டி:\விண்டோஸ் /எஸ் எஸ்: /எஃப் யூஇஎஃப்ஐ என்று கட்டளையிட்டால், தொடக்கக் கோப்புகள் மீண்டும் எழுதப்படும். டிஸ்க்பார்ட்டில் கிளீன் என்ற சொல்லைச் சுத்தம் செய்வது என்று எண்ணித் தட்டிவிடாதீர்கள். தேர்ந்தெடுத்த வட்டின் பார்ட்டிஷன் பட்டியலையே அது துடைத்துவிடும்.

காணாமல் போன டிஎல்எல் கோப்பை (மென்பொருள்கள் பகிர்ந்து பயன்படுத்தும் நிரல் கோப்பு) ஏதோ ஒரு தளத்திலிருந்து இறக்கி ஒட்டுவது பதிப்புப் பொருத்தமின்மையையும் தீங்குநிரலையும் ஒருசேர வரவழைக்கும். அதைச் செய்யவே கூடாது.

விண்டோஸைப் புதிதாக்கும் ரீசெட் வசதியில் கோப்புகளை வைத்துக்கொள் என்ற தேர்வைப் பலர் முழுமையாக நம்புகிறார்கள். அது உங்கள் தனிப்பட்ட கோப்புகளை வைத்துக்கொள்ளும், ஆனால் நீங்கள் நிறுவிய மென்பொருள்களை நீக்கிவிடும். கணக்குப் பதிவு மென்பொருளின் உரிமச் சாவி கையில் இல்லாதவருக்கு அது சிறிய இழப்பன்று. மென்பொருள்களையும் விட்டுவைத்து, இருக்கும் விண்டோஸின் மேலேயே மறுபடி நிறுவும் மேல்நிறுவல் முறை, விண்டோஸ் திறந்த நிலையில் உள்ளிருந்து தொடங்கினால்தான் கிடைக்கும். பென் டிரைவிலிருந்து தொடங்கினால் கிடைக்காது. ஆகவே கணினியை எப்படியாவது ஒருமுறை, சேஃப் மோடிலாவது, திறக்கவைப்பதற்கு மதிப்பு உண்டு: கோப்புகளைச் சேமிக்கவும் அண்மையில் வந்த டிரைவரை நீக்கவும் அப்போது எளிதாகும், கணினி பிறகு இயல்பாகத் திறந்தால் மேல்நிறுவலுக்கும் வழி பிறக்கும். வேறு வழியின்றிப் புதிதாக நிறுவும்போது, பார்ட்டிஷனை ஃபார்மேட் செய்யாமல் அதே இடத்தில் நிறுவினால் பழையவை விண்டோஸ்.ஓல்ட் என்ற கோப்புறைக்குச் செல்லும். அது நாளடைவில் தானே அழிக்கப்படும் என்பதால், வேண்டியவற்றை முதல் நாளே எடுத்துவிட வேண்டும்.

இவற்றில் எதைச் செய்தாலும் மடிக்கணினி சார்ஜரில் இருக்கட்டும், மேசைக்கணினி யூபிஎஸ்ஸில் இருக்கட்டும். டிஸ்ம் ஒரே சதவீதத்தில் அரை மணி நேரம் நின்றாலும் அணைத்துவிடக்கூடாது. எல்லாம் முடிந்து கணினி திறந்த பிறகு, சில நாட்களுக்குள் எஸ்எஃப்சி மீண்டும் புதிய பழுதுகளைக் காட்டினால், விண்டோஸை மறுபடி நிறுவ முனையாதீர்கள். ஒருவேளை ரேம் தவறாக எழுதிக்கொண்டிருக்கலாம். ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86ஐப் பென் டிரைவிலிருந்து ஓர் இரவு முழுவதும் ஓடவிடுங்கள். ஒரே ஒரு பிழை வந்தாலும், இரண்டு ரேம் தகடுகளில் ஒன்றைக் கழற்றி வைத்துவிட்டு, மற்றொன்றை மட்டும் வைத்து மறுபடியும் சோதியுங்கள்.