குயில்ட் பிளாக் அளவு பிசகாமல் வர: ஒன்பது சதுரத்தில் ஒரு பயிற்சி

தங்கையின் குழந்தைக்காக நான் தைத்த முதல் குயில்ட்டில் (துணித் துண்டுகளைச் சேர்த்துத் தைக்கும் போர்வை) இருபது பிளாக், அதாவது சின்னச் சதுரங்களை இணைத்துத் தைத்த கட்டங்கள். ஒவ்வொன்றும் 6½ இன்ச் வந்திருக்க வேண்டும். வந்தவையோ 6¼, 6⅜ என்று ஆளுக்கொரு அளவு. எல்லாவற்றையும் இருப்பதிலேயே சின்னதின் அளவுக்கு வெட்டிச் சமாளித்தேன். ஓரத்துச் சதுரங்கள் ஒல்லியாகிவிட்டன, மூலைகள் ஒன்றோடொன்று சேரவே இல்லை. வெட்டியதில் தவறு என்று நினைத்துப் புது ஸ்கேல் கூட வாங்கினேன். தவறு ஸ்கேலில் இல்லை, ஊசி இறங்கிய இடத்தில் இருந்தது.

கணக்கைப் பாருங்கள். ஒரு பிளாக்குக்கு 2½ இன்ச் சதுரம் ஒன்பது, மூன்று வரிசையாக. ஒவ்வொரு பக்கத்திலும் கால் இன்ச் தையலுக்குள் போகும், ஆகவே தைத்த பிறகு ஒரு சதுரம் 2 இன்ச். வரிசைக்கு மூன்று சதுரம் என்றால் 6 இன்ச். அடுத்த பிளாக்கோடு சேர்க்க இரண்டு ஓரத்திலும் கால் இன்ச் மிச்சம் நிற்பதால் இப்போது அளந்தால் 6½. சரி, தையல் ஒரு மாகாணி (1/16 இன்ச்) உள்ளே தள்ளி விழுந்தால்? இரண்டு துணியிலும் அது குறையும், அதனால் ஒரு இணைப்புக்கு அரைக்கால் இன்ச் போய்விடும். பிளாக்குக்கு இரண்டு இணைப்பு, கால் இன்ச் காலி. வரிசையில் எட்டு பிளாக் வைத்தால் 2 இன்ச் குறையும். கண்ணுக்கே தெரியாத பிசகுதான்!

துணி

நல்ல பருத்தி பாப்ளின் போதும். முதலில் ஒருமுறை அலசிக் காய வையுங்கள். சுருங்குவதும் சாயம் விடுவதும் இப்போதே முடிந்துவிடட்டும். அப்புறம் லேசாகக் கஞ்சி போட்டு, இஸ்திரி போட்டு, அதன் பிறகுதான் வெட்ட வேண்டும். வெட்டிய துண்டுக்குக் கஞ்சி போட்டால் அளவு மாறும்.

வெட்டுவது

ரோட்டரி கட்டர் (உருளும் வட்டக் கத்தி), வெட்டும்போது அடியில் விரிக்கும் பாய், அக்ரிலிக் ஸ்கேல் இருந்தால் வேலை சுலபம். இல்லாவிட்டால் இரும்பு ஸ்கேல், கூராகச் சீவிய பென்சில், நல்ல கத்தரி. டெய்லர் சாக் வேண்டாம், அதன் கோடே தடிமன். இன்ச் டேப்பும் வேண்டாம், பழசானால் நீண்டுவிடும். ஒரு குயில்ட் முடியும்வரை ஒரே ஸ்கேலில் அளந்து வெட்டுங்கள். அடர்நிறத்தில் ஐந்து, வெளிர்நிறத்தில் நான்கு சதுரம் வேண்டும்.

ஊசிக்கும் ஓரத்துக்கும் உள்ள தூரம்

மெஷின் பாதத்தின் (துணியை அழுத்திப் பிடிக்கும் பகுதி) ஓரம் ஊசியிலிருந்து கால் இன்ச்தான் என்று நம்பிவிடாதீர்கள். நான் நம்பினேன், பலன் மேலே சொன்னது.

பிடிக்க வேண்டிய அளவும் முழுக் கால் இன்ச் அல்ல, அதற்கு ஒரு மயிரிழை குறைவு. தைத்த துணியை ஒரு பக்கமாக மடித்து அழுத்தும்போது அந்த மடிப்பு கொஞ்சம் துணியைத் தின்றுவிடும், அதை ஈடுகட்டத்தான் இந்தக் குறைவு. ஆசாரி கணக்கில் கால் இன்ச் என்பது இரண்டு நூல். இங்கே குறைக்க வேண்டியது அந்த நூல் அல்ல, ஊசியில் கோத்திருக்கும் நூலின் பருமன்!

மெல்லிய ஸ்கேல் ஒன்றைப் பாதத்தின் கீழ் நேராக வையுங்கள். சக்கரத்தைக் கையால் சுற்றி ஊசியை மெதுவாக இறக்குங்கள். வலது ஓரத்திலிருந்து கால் இன்ச் கோட்டுக்குச் சற்றே வலப்புறம் ஊசி முனை தொட வேண்டும். ஸ்கேலின் வலது ஓரத்தை ஒட்டி மெஷின் பலகையில் மாஸ்கிங் டேப்பை நீளமாக ஒட்டுங்கள். அதன்மேல் பழைய விசிட்டிங் கார்டிலிருந்து வெட்டிய ஒரு பட்டையை ஒட்டினால் சின்னச் சுவர் மாதிரி நிற்கும், துணியின் ஓரம் அதை உரசிக்கொண்டே போகும். துணியை இழுக்கும் பற்களை டேப் மூடக் கூடாது.

இனி சோதனை. 1½ இன்ச் அகலத்தில் மூன்று பட்டைகள் வெட்டி, பக்கம் பக்கமாகச் சேர்த்துத் தைத்து, அழுத்தி, நடுப் பட்டையை அளந்து பாருங்கள். சரியாக 1 இன்ச் இருக்க வேண்டும். குறைந்தால் டேப்பை ஊசிப் பக்கம் நகர்த்துங்கள், கூடினால் தள்ளி ஒட்டுங்கள். எனக்கு நான்காவது முறைதான் சரியாக வந்தது. துணிதான் வீணாகிறதே என்று யோசிக்க வேண்டாம், பிளவுஸ் வெட்டிய மிச்சம் போதும். ஊசி, நூல், துணி எதை மாற்றினாலும் மறுபடி இந்தச் சோதனை.

தைப்பது

இன்ச்சுக்குப் பத்துப் பன்னிரண்டு தையல். முதலில் ஒரு கழிவுத் துணுக்கைத் தைத்து, நூலை வெட்டாமல் அதன் பின்னாலேயே சதுரங்களை விடுங்கள். இல்லையென்றால் முதல் சதுரத்தின் மூலையைப் பற்கள் கீழே இழுத்துக்கொள்ளும். பின்னாலிருந்து துணியை இழுக்காதீர்கள். கடைசி அரை இன்ச்சில்தான் துணி விலகும், அதனால் குண்டூசியை அங்கே குத்துங்கள்.

இஸ்திரி

நம் ஊரில் துணி ‘தேய்ப்பது’ என்கிறோம். இந்த வேலைக்கு அந்தச் சொல்லே ஆகாது! பெட்டியைத் தேய்த்தால் சதுரம் கோணும். வைத்து, அழுத்தி, தூக்க வேண்டும். முதலில் விரிக்காமல் தையல்மேல் ஒருமுறை அழுத்துங்கள், நூல் துணிக்குள் படியும். பிறகு விரித்து, மடிப்பை அடர்நிறப் பக்கம் சாய்த்து அழுத்துங்கள். அடர்-வெளிர்-அடர் வரிசையில் மடிப்பு வெளியே சாயும், வெளிர்-அடர்-வெளிர் வரிசையில் உள்ளே சாயும். எதிரெதிராக இருப்பதால், வரிசைகளைச் சேர்க்கும்போது இரண்டு மடிப்பும் பூட்டு மாதிரி ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும். விரலால் தடவினாலே தெரியும். மூலைகள் தானாகச் சேரும்.

குறைந்தால்?

6½ வரவில்லையா? உடனே பிரிக்காதீர்கள். முதலில் பின்பக்கம் திருப்பிப் பாருங்கள். தையலோரமாகச் சின்ன மடிப்பு விழுந்து அதற்குள் துணி ஒளிந்திருக்கும், திரும்ப அழுத்தினால் போதும். அப்படியும் சரியாகவில்லை என்றால் நடுச் சதுரத்தை அளங்கள். 2 இன்ச்சுக்குக் குறைந்தால் தையல் உள்ளே போயிருக்கிறது, அந்த இணைப்பைப் பிரித்துத் தைக்க வேண்டியதுதான். நடு சரியாக இருந்து ஓரம் குறைந்தால் வெட்டியதில் பிழை, அந்தச் சதுரத்தை மட்டும் மாற்றுங்கள். நான் செய்த மாதிரி எல்லாவற்றையும் சுற்றிலும் வெட்டிச் சரிக்கட்ட வேண்டாம்.

இருபது பிளாக்கும் ஒன்றுபோல 6⅜ வந்திருந்தால் எதையும் தொடாதீர்கள். அவை ஒன்றோடொன்று அழகாகச் சேரும். சுற்றுப் பார்டரை மட்டும், எல்லாம் சேர்த்துத் தைத்த பிறகு, நடுவில் அளந்து வெட்டிக்கொள்ளுங்கள்.