சாஃப்ட்பால் பிட்ச்: கை சுழலும் முன் கால் நிற்க வேண்டிய இடம்

சாஃப்ட்பாலில் பேட்டருக்கு வீசும் பந்து (பிட்ச்) கண்டபடி போகும்போது எல்லோரும் கையைத்தான் திருத்துவார்கள். நான் முதலில் காலைப் பார்ப்பேன். நிற்பது கோணலாக இருந்தால் கை எவ்வளவு அழகாகச் சுழன்றாலும் பந்து நேரே போகாது. இங்கே சொல்வது வேகப் பந்து (ஃபாஸ்ட்பிட்ச்) வகைக்கு, வலது கைக்காரர்களுக்கு. இடது கை என்றால் அப்படியே மாற்றிக்கொள்ளுங்கள்.

முதலில் மண்ணைப் பாருங்கள். பிட்சிங் பிளேட் (வீசுபவர் கால் வைத்து நிற்கும் பட்டை) 24 அங்குல நீளம், 6 அங்குல அகலம். ஆட்டம் போகப் போக அதன் முன்னால் குழி விழும். அதை ஷூவால் மண் தள்ளி நிரப்பி, மிதித்துச் சமன் செய்யுங்கள். குழிக்குள் கால் இறங்கினால் கணுக்கால் பிசகும். பிளேட் இல்லாத மைதானமா? சுண்ணாம்பில் அதே அளவுக்குக் கட்டம் போட்டால் போதும்.

அடுத்து கால்கள். வலது காலின் குதிகால் பிளேட்டின் முன் விளிம்பில் படட்டும், பாதத்தின் முன்பாதி மண்ணில் இருக்கட்டும். உந்தித் தள்ளப்போவது அந்தப் பாதிதான். விரல்களை மூன்றாம் பேஸ் பக்கம், அதாவது உங்கள் வலப்பக்கம், லேசாகத் திருப்புங்கள். இடது காலின் விரல் நுனி பின் விளிம்பைத் தொட்டால் சரி. பிளேட்டின் அகலமே கால்களுக்கு நடுவே அளவான இடைவெளியைத் தந்துவிடும். பக்கவாட்டில் தோள் அகலத்தைத் தாண்ட வேண்டாம். இரண்டு கால்களும் அந்த 24 அங்குலத்துக்குள்தான் இருக்க வேண்டும்.

இப்போது தோள். கிரிக்கெட்டில் பந்து வீசிப் பழகிய பிள்ளைகள் இங்கேயும் பக்கவாட்டில் திரும்பி நிற்பார்கள். அது வேண்டாம். இடுப்பும் மார்பும் கேட்சரை (பேட்டருக்குப் பின்னால் பந்தைப் பிடிப்பவரை) நேராகப் பார்க்கட்டும். ஒரு தோள் முதல் பேஸ் பக்கம், இன்னொன்று மூன்றாம் பேஸ் பக்கம். இடுப்பு திரும்புவதெல்லாம் வீசும்போதுதான். முழங்கால் விறைக்காமல் கொஞ்சம் தளர்ந்திருந்தால் நல்லது.

அப்புறம் கைகள். கேட்சரின் சைகையைப் பார்க்கும்போது கைகள் பிரிந்திருக்க வேண்டும், பந்து கையிலோ கிளவிலோ (கையுறையிலோ) இருக்கலாம். பிறகு இரண்டையும் சேர்த்து அசையாமல் நில்லுங்கள். அமெரிக்கப் பள்ளி ஆட்ட விதிப்படி குறைந்தது 1 விநாடி, அதிகபட்சம் 10 விநாடி. தையலில் விரல் பொருத்துவதைக் கிளவுக்குள்ளேயே முடியுங்கள், பேட்டர் பார்க்கக் கூடாது. மனதுக்குள் ‘ஒன்று’ என்று முழுதாகச் சொல்லுங்கள். அவசரப்பட்டு நிற்காமல் வீசினால் நடுவர் விதிமீறல் என்பார், பேட்டருக்குச் சாதகமாக அவர் கணக்கில் ஒரு ‘பால்’ ஏறும்.

வீசி முடித்ததும் மண்ணில் இடது கால் தடத்தைத் தேடுங்கள். பிளேட்டின் நடுவிலிருந்து ஹோம் பிளேட்டுக்கு (பேட்டர் பக்கத்தில் நிற்கும் தட்டு) முன்கூட்டியே ஒரு கோடு கிழித்து வைத்தால் எளிது. தடம் கோட்டைத் தாண்டி வலப்பக்கம் விழுந்திருந்தால் இடுப்பு வழி மறிக்கிறது, கை தொடையில் இடிக்கும். கோட்டை ஒட்டியே விழும்வரை, பந்தில்லாமல் நின்று, கை சேர்த்து, காலெடுத்து வைத்துப் பழகுங்கள். ஒரு நாளைக்கு இருபது முறை போதும்.