ரெண்டு சிரட்டை, ரெண்டு டர்க்கித் துண்டு: மூளைப் புறணியைக் கையால் படிக்கலாம் வாங்க

பெருமூளைப் புறணியை, அதாவது மூளையின் மேலே மடிப்பு மடிப்பாகக் கிடக்கும் மெல்லிய வெளி அடுக்கை, பள்ளியில் மனப்பாடம் செய்து, பரீட்சை எழுதி, மறந்துபோனவன் நான். தங்கச்சிமடத்தில் சித்தப்பாவுக்குப் பக்கவாதம் வந்தபிறகுதான் மறுபடி படித்தேன். கையால் செய்து பார்த்தால் மறக்காது. ஒரு தேங்காயின் இரண்டு சிரட்டை, 32 செ.மீ. சதுரமாக வெட்டிய இரண்டு டர்க்கித் துண்டு, ஒரு சாக்பீஸ், விளக்குமாற்றில் உருவிய இரண்டு ஈர்க்குச்சி, இவ்வளவு போதும்.

படி 1: துண்டைத் திணியுங்கள்

சிரட்டைதான் மண்டையோடு, துண்டுதான் புறணி. மூளையின் ஒரு பாதிப் புறணியை விரித்தால் ஏறக்குறைய 1,000 சதுர செ.மீ. வரும், தடிமன் 2 முதல் 4 மி.மீ., டர்க்கித் துண்டும் கிட்டத்தட்ட அதே கனம்தான். ஒவ்வொரு சிரட்டைக்குள்ளும் ஒரு துண்டை அமுக்குங்கள். மடிக்காமல் உள்ளே போகாது, பார்த்தீர்களா? மேலே தெரிகிற மேடுகள் கைரி, இடையில் உள்ள பள்ளங்கள் சல்சி. புறணியில் மூன்றில் இரண்டு பங்கு இந்தப் பள்ளங்களுக்குள் ஒளிந்திருக்கிறது. மன்னார் வளைகுடாவில் முக்குளிப்பவர்கள் பார்க்கிற மூளைப் பவளத்திலும் இதே நெளிவுதான் (அதைப் பெயர்த்து எடுத்து வந்துவிடாதீர்கள், சட்டப்படி பாதுகாக்கப்பட்ட உயிர் அது).

இந்த மெல்லிய துண்டுக்குள் ஆறு அடுக்குகள் உண்டு. வெளியிலிருந்து வரும் செய்தி பெரும்பாலும் நான்காம் அடுக்கில் இறங்கும், தண்டுவடத்துக்குப் போகிற கட்டளை ஐந்தாம் அடுக்கிலிருந்து கிளம்பும்.

படி 2: கோடு போடுங்கள்

இரண்டு சிரட்டையையும் சேர்த்துப் பிடித்து, இணைப்பு நடு உச்சியில் வரும்படி வையுங்கள். இடது சிரட்டையில் உச்சியிலிருந்து காதுப் பக்கமாக ஒரு கோடு. கோட்டுக்கு முன்னால் நெற்றி மடல், பின்னால் உச்சி மடல், கடைசியில் பார்வைக்கான பிடரி மடல், காதுக்கு மேலே கேட்பதற்கான பொட்டு மடல்.

கோட்டை ஒட்டி முன்பக்கம் உடலை அசைக்கும் பட்டை, பின்பக்கம் தொடுவதை உணரும் பட்டை. இரண்டிலுமே உடம்பு தலைகீழாகக் கிடக்கிறது: உச்சியில் கால், நடுவில் கை, கீழே முகமும் நாக்கும். இடது மூளை வலது உடம்பை ஆள்கிறது.

படி 3: ஈர்க்குச்சியால் சோதியுங்கள்

இரண்டு ஈர்க்குச்சியையும் அரை செ.மீ. இடைவெளியில் பிடித்து, கண்மூடியிருக்கும் தம்பியின் விரல்நுனியில் மெதுவாக வையுங்கள். இரண்டு என்பான். முதுகில் வைத்தால் ஒன்று என்பான், அங்கே சுமார் 4 செ.மீ. விலக்கினால்தான் இரண்டாகத் தெரியும். விரல்நுனிக்குப் புறணியில் அவ்வளவு பெரிய இடம், முதுகுக்குக் கொஞ்சம்தான். பாம்பன் கரையில் வலை பொத்துகிறவர்கள் பக்கத்து ஆளோடு பேசிக்கொண்டே, வலையைப் பார்க்காமலே கண்ணியைப் பிடித்து முடிச்சுப் போடுவார்களே, அந்த விரல்களை நினைத்துக்கொள்ளுங்கள்.

படி 4: பேச்சின் இடம்

இடது சிரட்டையில், முகம் இருக்கும் இடத்துக்குச் சற்று முன்னால் ஒரு புள்ளி வையுங்கள். பெரும்பாலானவர்களுக்குப் பேச்சை உருவாக்கும் இடம் இது. 1861-ல் பாரிஸில் பால் புரோக்கா என்ற மருத்துவர், 'டான்' என்பதைத் தவிர ஏறக்குறைய வேறெதுவும் பேச முடியாத ஒரு நோயாளியின் மூளையை அவர் இறந்தபிறகு ஆராய்ந்து, இந்தப் பகுதி சேதமாகியிருந்ததைக் காட்டினார். பேச்சைப் புரிந்துகொள்ளும் இடத்தை 1874-ல் வெர்னிக்கே என்ற ஜெர்மானிய மருத்துவர் விவரித்தார், அது பொட்டு மடலின் பின்பகுதியில்.

சித்தப்பாவுக்கு வலது கை விழுந்தது, கூடவே பேச்சும் போனது. நாங்கள் சொல்வதெல்லாம் புரிந்தது, தலையாட்டினார், வார்த்தைதான் வரவில்லை. காத்து கருப்பு என்று சொல்லி அரை நாளை வீணாக்கிவிட்டோம். மூளையின் இரத்தக்குழாயை அடைத்த, கட்டியான இரத்தத்தைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும் என்பது அப்போது எங்கள் யாருக்கும் தெரியாது. வாய் கோணினால், கை விழுந்தால், பேச்சு குழறினால் உடனே 108-ஐ அழையுங்கள்.

இப்போது உங்கள் சிரட்டையில் கையின் இடத்தையும் பேச்சுப் புள்ளியையும் பாருங்கள், நடுவில் முகம் மட்டும்தான். ஒரே இரத்தக்குழாய் அடைத்தால் எல்லாம் சேர்ந்து போகும். சித்தப்பாவிடம் இதைக் காட்டி அந்தப் புள்ளியில் விரலை வைத்தேன், அவர் இடது கையால் சிரட்டையை வாங்கி வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.