ஊசி போடாத திருநம்பிக்கு: மார்பு, தோள், குரல், தாடி

டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோனை எடுக்காத திருநம்பிகள் (பிறப்பில் பெண் என்று குறிக்கப்பட்ட ஆண்கள்) நிறைய இருக்கிறார்கள். வீட்டில் இன்னும் சொல்லாதவர், செலவுக்கு வழியில்லாதவர், வேறு நோய்க்காக மருத்துவர் பொறுத்திருக்கச் சொன்னவர், பிள்ளை பெற்றுக்கொள்ள நினைப்பவர், அது தனக்குத் தேவையே இல்லை என்று தெளிந்தவர். இவர்களில் யாரும் ஊசி போடுபவரைவிட ஒரு மாற்றுக் குறைந்த திருநம்பி அல்ல.

எது நடக்காது என்பதை முதலில் தெரிந்துகொள்வது நல்லது. ஹார்மோன் இல்லாமல் குரல்நாண் தடிக்காது. மாதவிடாய் நிற்காது. இடுப்புக் கொழுப்பு வயிற்றுக்கு இடம் மாறாது. ஆனால் பேருந்தில் ஒருவர் உங்களை 'அண்ணா' என்பதா 'அக்கா' என்பதா என்று இரண்டு விநாடியில் தீர்மானிப்பது மார்பின் தட்டை, தோளின் அகலம், முடிவெட்டு, பேச்சின் ஏற்ற இறக்கம், சட்டை விழுகிற விதம் இவற்றைப் பார்த்துத்தான். இவை எல்லாவற்றிலும் கை வைக்கலாம்.

மார்பு

பெரும்பாலோர் தொடங்குவது மருந்துக்கடை கிரேப் பேண்டேஜில். அதை இன்றே விட்டுவிடுங்கள். அது சுளுக்கிய மூட்டை இறுக்கிப் பிடிக்கச் செய்த துணி. மார்பைச் சுற்றிக் கட்டினால் மூச்சோடு சேர்ந்து விரியாது. நடக்க நடக்க வழுக்கி, ஒரே இடத்தில் கயிறுபோலத் திரண்டு விலா எலும்பை அழுத்தும். பார்சல் ஒட்டும் டேப்பும் சமையலறை பிளாஸ்டிக் உறையும் இதைவிட மோசம், தோலையே உரித்துவிடும்.

மார்பைத் தட்டையாக்கவென்றே தைத்த இறுக்கமான உள்ளாடை பைண்டர். அதை வாங்கும்போது இரண்டு அளவு எடுங்கள். இயல்பாக மூச்சு விட்டபடி மார்பின் மிகப் பெருத்த இடத்தைச் சுற்றி ஓர் அளவு. ஒரு தோள் முனையிலிருந்து மறு தோள் முனைவரை இன்னோர் அளவு. விற்பவரின் அட்டவணையில் இரண்டும் வேறு வேறு சைஸில் விழுந்தால் பெரியதை எடுங்கள். ஒரு சைஸ் சின்னதாக வாங்கினால் இன்னும் தட்டையாகும் என்று நினைப்பதுதான் எல்லாரும் செய்யும் தவறு. சின்ன பைண்டரில் சதை அக்குள் பக்கமும் கழுத்துப் பக்கமும் பிதுங்கி, சட்டைக்கு மேலே இன்னும் தெளிவாகத் தெரியும். போட்டதும் ஆழமாக மூச்சிழுங்கள், இரு கைகளையும் தலைக்கு மேல் தூக்குங்கள், இரண்டு முறை இருமுங்கள். இதில் ஏதாவது ஒன்று சிரமமாக இருந்தாலும் அது உங்கள் சைஸ் இல்லை.

போட்டபின் மார்பை உள்ளே கைவிட்டுச் சரிசெய்ய வேண்டும். இரு பக்கமும் கீழ்நோக்கியும் சற்று வெளிநோக்கியும் தள்ளி வைத்தால் ஆணின் மார்புத்தசை போன்ற மட்டம் கிடைக்கும். நடுவில் குவித்துவிட்டால் ஒரே மேடாக நிற்கும்.

ஒரு நாளைக்கு 8 மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். தூங்கும்போதும் உடற்பயிற்சியின்போதும் கூடவே கூடாது. ஆஸ்துமா உள்ளவர், சளி இருமல் பிடித்திருப்பவர் அந்த நாட்களில் பைண்டரைத் தொட வேண்டாம். 2017இல் வெளியான ஆய்வு ஒன்று மார்பு கட்டும் 1,800 பேரிடம் கேட்டபோது, 97 விழுக்காட்டினர் ஏதாவது ஒரு தொந்தரவைச் சொன்னார்கள்: முதுகுவலி, உடல் சூடு, நெஞ்சுவலி, மூச்சுத் திணறல், அரிப்பு. தொந்தரவோடு மிக நெருக்கமாக ஒட்டிப்போனது வாரத்தில் எத்தனை நாள் கட்டுகிறார் என்பதுதான். ஆகவே மணிக்கணக்கைக் குறைப்பதோடு நின்றுவிடாதீர்கள். வாரத்தில் ஒன்றிரண்டு நாள் முழு விடுமுறை கொடுங்கள். அன்று தடித்த பனியனும் மேலே தொளதொள சட்டையும் போதும். விரல் மரத்துப்போவது, ஓரிடத்தில் ஊசி குத்துவதுபோல் விலா வலிப்பது, கழற்றிய பிறகும் மூச்சு வாங்குவது இவை வந்தால் 'பழகிவிடும்' என்று விடாமல் மருத்துவரிடம் போங்கள்.

நம் ஊர் வெயிலுக்குத் தனியாகச் சில வார்த்தை சொல்ல வேண்டும். ஏப்ரல், மே மாதத்தில் பைண்டருக்குள் வியர்வை தேங்கி, மார்புக்கு அடியில் படர்தாமரை வரும். உள்ளே மெல்லிய பருத்திப் பனியன் போட்டு அதன்மேல் பைண்டர் போடுங்கள். இரண்டு பைண்டர் வைத்துக்கொண்டு மாற்றி மாற்றி அணியுங்கள். கையால் அலசி நிழலில் காயப்போடுங்கள். முறுக்கிப் பிழிந்தால் எலாஸ்டிக் போய்விடும். ஈரம் முழுதாகக் காயாததை அணியவே கூடாது. அரிப்பு வந்துவிட்டால், கடைக்காரர் எடுத்துத்தரும் ஸ்டீராய்டு கலந்த களிம்பைத் தடவாதீர்கள். நான்கு நாள் அடங்கினதுபோல் இருந்து, பிறகு இரண்டு மடங்காகப் பரவும். தோல் மருத்துவர் எழுதித் தரும் பூஞ்சைக்கொல்லிக் களிம்புதான் வேண்டும்.

சின்ன மார்பு உள்ளவர்களுக்கு, விளையாட்டு வீரர்கள் தசைக்கு ஒட்டும் கைனீசியாலஜி டேப் நல்ல மாற்று. முதல் நாள் கையில் ஒரு சிறு துண்டை ஒட்டி 24 மணி நேரம் பாருங்கள். சிவந்தால் அந்த டேப் ஆகாது. தோல் காய்ந்து, எண்ணெய்ப் பசை இல்லாமல் இருக்க வேண்டும். முலைக்காம்பின்மேல் பஞ்சோ மெல்லிய துணித்துண்டோ வைத்து மூடுங்கள். டேப்பின் மூலைகளை வட்டமாக வெட்டினால் சட்டையில் உரசி உரியாது. ஒரு முனையை இழுக்காமல் ஒட்டி, மார்பை அக்குள் பக்கமாகத் தள்ளிப் பிடித்து, அந்தத் திசையிலேயே மிதமாக இழுத்து, மறு முனையின் கடைசி இரண்டு விரற்கிடையை மறுபடி இழுக்காமல் முடியுங்கள். முனையை இழுத்து ஒட்டினால் அங்கேதான் கொப்புளம் வரும். உடலைச் சுற்றி ஒருபோதும் ஒட்டக் கூடாது. கழற்றும்போது தேங்காய் எண்ணெயைத் தாராளமாகத் தடவி, 10 நிமிடம் ஊறவிட்டு, முடி வளரும் திசையில் மெல்ல உரியுங்கள். அவசரத்தில் வெடுக்கென்று இழுத்தவர்களுக்குத் தோல் கையோடு வந்திருக்கிறது.

மார்பு நீக்க அறுவை சிகிச்சைக்கு முன் ஹார்மோன் எடுத்தே ஆக வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. திருநர் மருத்துவத்துக்கான உலக அமைப்பான டபிள்யூபாத் 2022இல் வெளியிட்ட எட்டாம் பதிப்பு வழிகாட்டுதல், ஹார்மோன் வேண்டாம் என்பவருக்கு அதை நிபந்தனையாக வைக்கவில்லை. ஊசி போடாமலே மார்பு அறுவை செய்துகொள்ள விரும்புபவர் மருத்துவரிடம் இதைக் கேட்கலாம்.

தோள்

இடுப்பைக் குறைக்க முயல்வதைவிடத் தோளையும் முதுகையும் அகலமாக்குவது எளிது. தோள் விரிந்தால் இடுப்பு தானாகவே ஒடுங்கித் தெரியும். வாரத்தில் மூன்று நாள், ஒரு நாள் விட்டு ஒரு நாள், 40 நிமிடம் போதும். பைண்டர் வேண்டாம், ஸ்போர்ட்ஸ் பிரா போட்டுக்கொள்ளுங்கள்.

தண்டால் தரையில் வராவிட்டால் சுவரில் கை வைத்துத் தொடங்கி, பிறகு கட்டில் விளிம்பு, அப்புறம் தரை. ஒரு சுற்றுக்கு 8 முதல் 12, மூன்று சுற்று. 12 சுலபமாகிவிட்டால் அடுத்த நிலைக்குப் போங்கள். அதே எளிய தண்டாலை 40 முறை எடுப்பதில் தசை பெருக்காது. முதுகுக்கு, பள்ளிப் பையில் 8 முதல் 10 கிலோ அரிசி போட்டு, இடுப்பிலிருந்து குனிந்து முதுகை நேராக வைத்து, பையைத் தொப்புள் நோக்கி இழுங்கள். தோளின் பக்கவாட்டுத் தசைக்கு இரு கையிலும் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில். தோள் உயரம்வரை பக்கவாட்டில் தூக்கி, மூன்று எண்ணி இறக்குங்கள். பக்கத்தில் சிலம்பக்கூடம் இருந்தால் கர்லாக்கட்டை கற்றுக்கொள்ளுங்கள், லேசான கட்டையிலிருந்து. தோளையும் முன்னங்கையையும் மேல்முதுகையும் ஒரே வீச்சில் வேலை வாங்கும் பயிற்சி அது. தொடை பெருத்துவிடும் என்று பயந்து பஸ்கியை விட வேண்டாம். மூட்டுக்கும் எலும்புக்கும் அது தேவை.

கட்டுமானப் பொருள் புரதம். உடல் எடையில் கிலோவுக்கு 1.6 கிராம் கணக்கு; 60 கிலோ ஆளுக்கு 96 கிராம். மூன்று முட்டையில் 18, வெந்த கோழி 150 கிராமில் 40, ஒரு கப் கொண்டைக்கடலைச் சுண்டலில் 13, ஒரு கைப்பிடி வேர்க்கடலையில் 7, மிச்சம் சோறு பருப்பிலேயே வந்துவிடும். கோழி சாப்பிடாதவர் உலர்ந்த சோயா உருண்டை 50 கிராம் ஊறவைத்துச் சமைத்தால் 26 கிராம் கிடைக்கும். சோயா உங்களைப் பெண்தன்மை ஆக்கிவிடாது, கவலை வேண்டாம். சட்டைத் தோளில் வித்தியாசம் தெரிய 8 முதல் 12 வாரம் ஆகும்.

மார்பும் இடுப்பும் வற்றட்டும், மாதவிடாயும் நிற்கட்டும் என்று பட்டினி கிடப்பவர்கள் இருக்கிறார்கள். இதை மிகுந்த கவலையோடு சொல்கிறோம்: அப்படி மாதவிடாய் நின்றால் எலும்பு உள்ளுக்குள் மெலியத் தொடங்கிவிட்டது என்று பொருள். தசையும் கூடவே கரையும். எந்தத் தோளுக்காக உழைத்தீர்களோ அதுவே போய்விடும்.

குரல்

ஆண்குரல் சாதாரணமாக 85 முதல் 155 ஹெர்ட்ஸ், பெண்குரல் 165 முதல் 255. உங்கள் சுருதி எங்கே நிற்கிறது என்று கைபேசிச் செயலியில் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். பயிற்சியால் ஒன்று, ஒன்றரைக் கட்டை இறக்கலாம். 200இல் பேசுபவர் 170 பக்கம் வரலாம். அதற்கும் கீழே அழுத்தினால் தொண்டை கரகரத்து, மாலைக்குள் குரல் கட்டிவிடும். மீதி வேலையைச் செய்வது அதிர்வும் பேச்சு நடையும்.

தினமும் 15 நிமிடம். முதலில், அரை டம்ளர் தண்ணீரில் ஸ்ட்ராவை இரண்டு விரற்கிடை முக்கி, குமிழி வர 'ஊ' என்று மெல்ல ஊதுங்கள், 3 நிமிடம். இது குரல்நாணைச் சேதமில்லாமல் இளக்கும். அடுத்து உள்ளங்கையை நெஞ்செலும்பில் வைத்து 'ம்ம்ம்' என்று இழுத்து, கையில் அதிர்வு தெரியும்வரை சுருதியை இறக்குங்கள். அந்த அதிர்வு மாறாமல் 'மாமா', 'ஓரம்', 'ஆமாம்' என்று சொற்களுக்குப் போங்கள். பாதிக் கொட்டாவியில் தொண்டை எப்படித் திறந்து இறங்குகிறதோ அப்படி வைத்துக்கொண்டு பேசிப் பாருங்கள். தாடையைக் கழுத்தோடு அமுக்குவது வேறு. அது வெறும் இறுக்கம்.

பிறகு வாக்கிய முடிவு. 'வர்றீங்களா', 'சரிங்க' என்று முடியும் இடத்தில் குரல் மேலே ஏறி நீள்வதைக் குறைத்து, கீழே இறக்கி முடியுங்கள். ஒரு சொல்லை அழுத்த வேண்டுமானால் சுருதியை ஏற்றாமல் ஒலியைச் சற்றுக் கூட்டுங்கள். மிகக் கடினமானது தொலைபேசி, முகம் தெரியாது என்பதால். 'ஹலோ, சொல்லுங்க' என்ற இரண்டு சொல்லை மட்டும் தனியாகப் பதிவு செய்து, கேட்டு, திருத்தி, நூறு முறை பழகுங்கள். எதிர்முனை முதல் சொல்லிலேயே முடிவு கட்டிவிடுகிறது.

பீடி சிகரெட்டால் குரல் தடிப்பது குரல்நாண் வீங்குவதால். அது நோய். கரகரப்பு மூன்று வாரத்துக்கு மேல் இருந்தால் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள்.

முடி, தாடி, உடை

சலூனில் 'ஷார்ட்டா வெட்டுங்க' என்று மட்டும் சொன்னால் பக்கம் கூர்மையாக இறங்கும் வெட்டு கிடைக்கும். கிருதாவை நேர்கோடாக வெட்டச் சொல்லுங்கள், பிடரியைச் சதுரமாக எடுக்கச் சொல்லுங்கள், பக்கத்தில் குறைத்து மேலே விடச் சொல்லுங்கள். முகத்தைச் சதுரமாக்குவது இந்த மூன்றும்தான்.

மழித்தால் முடி தடிக்காது. நுனி மழுங்குவதால் அப்படித் தோன்றுகிறது. தாடைப் பூனைமுடியைக் கருக்க வைக்கச் சிலர் தலைமுடி மருந்தான மினாக்ஸிடிலைத் தடவுகிறார்கள். அது ஹார்மோன் இல்லை. தாடிக்கென்று அனுமதிக்கப்பட்ட மருந்தும் இல்லை. தோல் மருத்துவரிடம் கேட்டுத் தொடங்குங்கள்; இதயக் கோளாறு, குறைந்த ரத்த அழுத்தம் உள்ளவருக்கும் கர்ப்பமாக இருப்பவருக்கும் பாலூட்டுபவருக்கும் இது ஆகாது. முகத்துக்கு ஒரு வேளைக்கு அரை மில்லி போதும். பலன் தெரிய நான்கு மாதமாவது ஆகும், விட்டால் உதிரவும் கூடும். படபடப்பு, தலைசுற்றல், கால்வீக்கம் வந்தால் நிறுத்துங்கள். வீட்டில் பூனை இருந்தால் வேண்டவே வேண்டாம்: தடவிய கன்னத்தை நக்கினாலே பூனை செத்துப்போகலாம்.

சட்டையில் பார்க்க வேண்டியது ஒன்றே: தோள் தையல் எலும்பு முனையில் நிற்க வேண்டும். கனத்த பருத்தி, இடப்பக்கப் பை, கட்டம் போட்டது எல்லாம் மார்பை மறைக்கும். ரேயான் ஒட்டிக் காட்டிக்கொடுக்கும். பேன்ட்டை இடுப்பெலும்பில் இறக்கிக் கட்டுங்கள், இடையில் அல்ல. பேன்ட்டின் முன்பக்கம் ஆணுக்கு இருப்பதுபோல் மேடு தெரிய உள்ளே வைப்பது பேக்கர். அதற்கு உருட்டிய சாக்ஸே போதும், இறுக்கமான ஜட்டிக்குள் வைத்தால் நகராது. சிலிகான் வாங்கினால் தினமும் சோப்பால் கழுவி, காயவைத்து, சோளமாவு தூவுங்கள்.

உள்ளே போகக் கூடாதவை

நெருஞ்சி, அஸ்வகந்தா, வெந்தயச் சத்து, 'ஆண்மை' லேகியம் எதுவும் தாடியும் தராது, குரலும் தராது. அஸ்வகந்தாவால் கல்லீரல் பாதிக்கப்பட்டவர்கள் உண்டு. டப்பாவில் வரும் டிஹெச்இஏ மூலிகை அல்ல, அதுவே ஒரு ஹார்மோன். மாதவிடாயைத் தள்ளிப்போடும் மாத்திரையைக் கடையில் கேட்டு மாதக்கணக்கில் விழுங்குவதும் ஹார்மோன் எடுப்பதுதான். ரத்தக்கட்டு ஆபத்து உண்டு. நிறுத்தியே ஆக வேண்டும் என்றால் மகப்பேறு மருத்துவரிடம் வழி இருக்கிறது.

ஜிம்மில் கிடைக்கும் ஊசி இதைவிடப் பெரிய ஆபத்து. குப்பியில் எழுதியிருப்பதுதான் உள்ளே இருக்கிறது என்பதற்கு உத்தரவாதம் இல்லை. அசலாகவே இருந்தாலும், டெஸ்டோஸ்டிரோன் ரத்தச் சிவப்பணுக்களைக் கூட்டி ரத்தத்தைக் கெட்டியாக்கும். அதனால்தான் முறையாக எடுப்பவருக்கு முதல் வருடம் சுமார் மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரத்தப் பரிசோதனை செய்கிறார்கள். ஊசியால் மாதவிடாய் நின்றாலும் கரு தங்கலாம், இதைத் தெரியாமல் மாட்டிக்கொண்டவர்கள் உண்டு. ஊசி வேண்டும் என்று ஒருநாள் முடிவெடுத்தால் நாளமில்லாச் சுரப்பி மருத்துவரிடம் போங்கள். சென்னை ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனையில் திருநருக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. போகும்போது மினாக்ஸிடில், லேகியம், பொடி என இதுவரை தடவியது, விழுங்கியது அத்தனையையும் ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோங்கள்.