கோவை, ஈரோடு, திருப்பூர் பக்கம் பொக்கே அனுப்புவது எப்படி? முதல்முறை ஆர்டர் போடுபவர்களுக்கு

பொக்கே அனுப்ப நினைப்பவர் முதலில் படம் பார்க்கிறார். கடைக்காரரோ போனை எடுத்ததும் “எந்த ஏரியாங்க? எத்தனை மணிக்குங்க?” என்றுதான் கேட்பார். அவர் கேட்கும் வரிசைதான் சரி. பூட்டிய வீட்டு வாசலில் பொக்கே கிடப்பது, சாயங்கால ரிசப்ஷனுக்குப் போகவேண்டியது மறுநாள் காலையில் போய் நிற்பது, வழியிலேயே பூ தலை சாய்வது எல்லாமே பெரும்பாலும் இடத்தையும் நேரத்தையும் அரைகுறையாகச் சொல்வதால் வரும் வினை. அதனால் இங்கேயும் முகவரியிலிருந்தே தொடங்குவோம். பூவுக்குப் பிறகு வரலாம்.

1. வாங்குபவர் ஊரில் கடை பிடியுங்கள்

நீங்கள் சென்னையில் இருந்தாலும் துபாயில் இருந்தாலும், பொக்கே கோபிச்செட்டிபாளையத்துக்குப் போகவேண்டுமென்றால் கோபியில் கடை தேடுங்கள். கிடைக்காவிட்டால் ஈரோடு. தெரிந்த கடை கோவையில் இருக்கிறது என்பதற்காக அங்கே ஆர்டர் போட்டுப் பொள்ளாச்சிக்கு அனுப்பச் சொல்லாதீர்கள். ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தூரம். பைக்கில் போனால் எதிர்க்காற்றிலேயே இதழ் ஓரம் காய்ந்து சுருண்டுவிடும். திருப்பூர் அதைவிடத் தூரம்.

இணையத்தில் தேடும்போது ஒரு சிக்கல் உண்டு. “உங்கள் ஊர் பூக்கடை” என்று வரும் சில பக்கங்களுக்கு உங்கள் ஊரில் கடையே இருக்காது. பணத்தை அவர்கள் வாங்கி, தங்கள் பங்கை எடுத்துக்கொண்டு, மீதியை உள்ளூர்க் கடைக்குக் கொடுப்பார்கள். உள்ளூர்க்காரர் வந்த காசுக்குத்தானே பூ வைப்பார்? படத்தில் இருபது ரோஜா, கையில் பன்னிரண்டு என்று ஆவது இப்படித்தான். கண்டுபிடிக்க இரண்டு கேள்வி போதும். “கடை எந்த ரோட்டுலீங்க, பக்கத்துல என்ன இருக்குங்க?” என்று கேளுங்கள். பிறகு, “இன்னைக்கு பக்கெட்ல இருக்கற பூவ ஒரு போட்டோ அனுப்புங்க” என்று சொல்லுங்கள். உண்மையான கடைக்காரர் இரண்டு நிமிடத்தில் அனுப்பிவிடுவார்.

2. முகவரியை டெலிவரி ஆள் கண்ணால் பாருங்கள்

டவுனுக்குள் என்றால் கதவு எண், தெரு, பின்கோடு, அருகில் உள்ள அடையாளம். கதவு எண் பழையதும் புதியதும் இருந்தால் இரண்டையும் கொடுங்கள். காந்தி நகர், அண்ணா நகர், பாரதி நகர் எல்லா ஊரிலும் இருக்கின்றன, ஒரே ஊரில் இரண்டு கூட இருக்கும். பின்கோடு இங்கேதான் கைகொடுக்கும்: 641002 என்றால் ஆர்.எஸ்.புரம், 641004 என்றால் பீளமேடு. அடுக்குமாடிக் குடியிருப்பாக இருந்தால் பிளாக், மாடி, வீட்டு எண் மூன்றும் வேண்டும். செக்யூரிட்டி போன் போட்டுக் கேட்டுத்தான் உள்ளே விடுவார் என்றால் அதையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

கொங்குப் பக்கத்தின் தனிச் சிக்கல் தோட்டத்து வீடு. ஊர்ப் பெயரும் தோட்டப் பெயரும் தபால்காரருக்குப் போதும். இருபது வயது டெலிவரி தம்பிக்குப் போதாது. மெயின் ரோட்டிலிருந்து எந்த இடத்தில் திரும்பவேண்டும், அங்கே என்ன இருக்கிறது (பால் சொசைட்டி, டிரான்ஸ்பார்மர், வாய்க்கால் பாலம்), மண் தடத்தில் எவ்வளவு தூரம், கேட் என்ன நிறம் என்று எழுதுங்கள். மேப்பில் லொக்கேஷன் அனுப்பும்போது உங்கள் போனிலிருந்து தேடி எடுத்த இடத்தை அனுப்பாதீர்கள். ஊர்ப் பெயரைத் தேடினால் ஊர் நடுவில்தான் புள்ளி விழும், தோட்டம் அங்கிருந்து இரண்டு கிலோமீட்டர் தள்ளி இருக்கும். அந்த வீட்டில் இருக்கும் யாரையாவது வாசலில் நின்று அனுப்பச் சொல்லி, அதைக் கடைக்குக் கொடுங்கள். நாய் அவிழ்த்துவிட்டிருக்குமா என்பதும் ஒரு தகவல்தான். சொல்லி வைத்தால் தம்பி கேட்டிலேயே நின்று போன் செய்வார்.

சர்ப்ரைஸ் கொடுக்கவேண்டும் என்று வாங்குபவர் நம்பரைக் கொடுக்காமல் விடுபவர்கள் அதிகம். வழி தெரியாமல் டெலிவரி தம்பி உங்களையே அழைப்பார், நீங்கள் மீட்டிங்கில் இருப்பீர்கள், பொக்கே பெட்ரோல் டேங்க் மேல் வெயில் காயும். வீட்டில் ஒருவரைக் கூட்டாளியாக்கி அவர் நம்பரைக் கொடுங்கள்.

3. நேரம்

மணி சொல்லாதீர்கள், இடைவெளி சொல்லுங்கள். “சரியாகப் பத்துக்கு” என்பது யாராலும் முடியாத காரியம். “ஒன்பதரைக்கு மேல், பதினொன்றுக்குள்” என்றால் முடியும். மார்ச் முதல் மே வரை பகல் 11 மணியிலிருந்து 4 மணி வரை தவிர்த்துவிடுங்கள். கரூர், ஈரோடு வெயிலில் ரோஜா மொட்டு அரை மணி நேரத்தில் விரிந்து தொங்கிவிடும்.

பலர் மறக்கும் ஒன்று மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை. அந்த ஏரியாவில் அன்று கரண்ட் இல்லையென்றால் காலிங் பெல் அடிக்காது, லிப்ட் ஓடாது. மின்தடை அறிவிப்பு முன்கூட்டியே வரும், பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆர்டரை முந்தைய நாள் மாலைக்குள் சொல்லிவிடுவது நல்லது. பொக்கேவுக்கான பூ பெரும்பாலும் வெளியூரிலிருந்து வருவதால் எவ்வளவு தேவை என்று கடைக்காரர் முன்னாடியே சொல்லி வைப்பார். அன்றைக்குக் காலையில் கேட்டால் மிச்சம் இருப்பதுதான் உங்களுக்கு. முகூர்த்த நாள், பிப்ரவரி 14 என்றால் மூன்று நான்கு நாள் முன்பே பேசிவிடுங்கள்.

கல்யாண மண்டபத்துக்கு அனுப்பினால் அழைப்பிதழை இன்னொரு முறை படியுங்கள். ரிசப்ஷனை முதல் நாள் சாயங்காலம் வைப்பவர்களும் உண்டு, முகூர்த்தத்தன்று சாயங்காலம் வைப்பவர்களும் உண்டு. தேதி தப்புவது இங்கேதான். பெரிய மண்டபத்தில் ஒரே நாளில் இரண்டு கல்யாணம் நடக்கலாம், அதனால் மணமக்கள் இருவர் பெயரும் கடைக்குத் தெரியவேண்டும். மேடையில் இருக்கும் மாப்பிள்ளை போனை எடுக்கமாட்டார். பன்னீர் தெளிக்கிற இடத்தில் நிற்கும் உறவுக்காரர் ஒருவர் நம்பர் போதும்.

ஆஸ்பத்திரிக்கு என்றால் வார்டைக் கேட்டுவிட்டு முடிவெடுங்கள். ஐ.சி.யு.வுக்குள் பூவை விடமாட்டார்கள், பல இடங்களில் சாதாரண வார்டிலும் விடுவதில்லை. டிஸ்சார்ஜ் ஆகி வீட்டுக்கு வந்த மறுநாள் அனுப்புவது எவ்வளவோ மேல்.

4. இனி பூ

ஒரு குழப்பத்தை முதலில் தீர்த்துவிடலாம். சத்தியமங்கலம் பூ மார்க்கெட்டில் விலை குறைந்தால் பொக்கேவும் மலிவாகும் என்று நினைப்பவர்கள் உண்டு. அங்கே வருவது மல்லிகை, முல்லை, சம்பங்கி மாதிரியான உதிரிப்பூ. தொடுக்கவும் மாலை கட்டவும் ஆனது. பொக்கேவுக்கு வேண்டியது நீளக் காம்போடு வெட்டிய பூ. ரோஜா ஓசூர்ப் பக்கம் இருந்தும், கார்னேஷன், ஜெர்பரா, லில்லியம் (லில்லி) போன்றவை நீலகிரிப் பசுமைக்குடில்களிலிருந்தும் வருகின்றன. இரண்டும் வேறு வேறு சந்தை. முகூர்த்த நாளில் மட்டும் இரண்டும் சேர்ந்து ஏறும்.

ரோஜா கட்டுக்கு 20 காம்பு, ஜெர்பரா கட்டுக்கு 10. 20 கேட்டால் கடைக்காரர் ஒரு கட்டைப் பிரித்து அப்படியே கட்டிவிடுவார். 11, 21 என்று ஒற்றைப்படையில் வேண்டுமென்றால் வாய்விட்டுச் சொல்லுங்கள். மொய்யில் ஒரு ரூபாய் சேர்க்கிற ஊரில் அதற்கு யாரும் முகம் சுளிக்கமாட்டார்கள்.

எது எத்தனை நாள் நிற்கும்? தண்ணீர் சரியாக மாற்றினால் ஆர்க்கிட்டும் கார்னேஷனும் பத்து நாள் வரை தாங்கும். லில்லியம் ஒரு வாரம். அதில் மொட்டு ஒவ்வொன்றாக விரியும் என்பதால் வந்த அன்று பச்சையாகத் தெரிந்தால் ஏமாற்றம் வேண்டாம். ரோஜா நம் வெயிலுக்கு மூன்று முதல் ஐந்து நாள். ஜெர்பராவும் கிட்டத்தட்ட அதே கணக்குதான், ஆனால் அதன் காம்பு உள்ளே கூடாக இருப்பதால் தண்ணீர் ஏறாவிட்டால் கழுத்து ஒடிந்து தலை தொங்கும். அதற்காகத்தான் கடையில் காம்புக்கு ஸ்ட்ரா மாட்டுகிறார்கள். ஏமாற்று வேலை என்று நினைத்துக் கழற்றிவிடாதீர்கள்.

ரோஜா புதுசா என்று பார்க்க இதழ் ஓரத்தைப் பார்த்தால் போதாது. மொட்டின் அடிப்பகுதியை இரண்டு விரலால் மெல்ல அழுத்தினால் கெட்டியாக இருக்கவேண்டும், மெத்தென்று இருந்தால் பழசு. வெளி இதழ் ஒன்றிரண்டு பச்சை படிந்தோ நிறம் மங்கியோ இருப்பது இயல்பு. அது உள்ளே இருப்பதைக் காக்கும் இதழ். மழைக்காலத்தில் இதழில் பழுப்புப் புள்ளி இருந்தால் மட்டும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அது பூஞ்சை, ஒரே நாளில் பரவும்.

நீல ரோஜா என்று எதுவும் செடியில் பூப்பதில்லை, சாயம் ஏற்றியது. ஈரம் பட்டால் கையிலும் பட்டுப்புடவையிலும் ஒட்டும். மினுமினுப்பு ஸ்ப்ரேயும் வேண்டாம் என்று சொல்லிவிடலாம். வாடிய பூவை மறைக்க அது நல்ல வழி என்பது கடைக்காரருக்கும் தெரியும். லில்லியம் கேட்டால் விரிந்த பூவின் மகரந்தப் பையைக் கிள்ளிவிடச் சொல்லுங்கள், அந்தக் கறை துணியை விட்டுப் போகாது. வீட்டில் பூனை இருந்தால் லில்லியம் வேண்டவே வேண்டாம், பூனைக்கு அது விஷம்.

நிறத்தில் ஒரு எச்சரிக்கை. முழு வெள்ளைப் பொக்கே படத்தில் அழகுதான், ஆனால் புதுமனை புகுவிழாவுக்கும் சீருக்கும் பெரியவர்கள் விரும்பமாட்டார்கள். நடுவில் மஞ்சளோ ரோஸோ கலந்துவிடுங்கள். துக்க வீட்டுக்குப் பொக்கே அனுப்பும் வழக்கம் இங்கே இல்லை. மாலை அல்லது மலர்வளையம் கேளுங்கள். அதற்குப் பட்டையில் பெயர் எழுதுவார்கள், எடுக்கும் நேரத்துக்கு முன்னாடி போய்ச் சேரவேண்டும்.

5. பட்ஜெட்டைச் சொல்லி, காம்புக் கணக்கைக் கேளுங்கள்

“எவ்வளவுங்க?” என்று கேட்டால் ஒரு தொகை வரும், அதில் என்ன அடக்கம் என்று தெரியாது. “இவ்வளவு ரூபாய்க்குள்ள, டெலிவரியோட சேர்த்து, எத்தனை காம்பு வருங்க?” என்று கேளுங்கள். பதிலில் பூ எத்தனை, ஜிப்சோபிலாவும் (இடையிடையே நிரப்பும் குட்டி வெள்ளைப் பூ) பச்சை இலையும் எவ்வளவு என்று பிரிந்து வரும். இலையும் பேப்பரும் கூடினால் பொக்கே பெரிதாகத் தெரியும், பூ குறையும்.

கேட்ட பூ அன்று கிடைக்காவிட்டால் என்ன செய்வது என்பதையும் இப்போதே தீர்த்துவிடுங்கள். நிறம் மாறக்கூடாதா, பூ மாறக்கூடாதா? ஒன்றை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். இரண்டும் மாறக்கூடாது என்றால் முகூர்த்த நாளில் ஆர்டரை எடுக்கவே தயங்குவார்கள்.

பேசி முடித்ததும் எல்லாவற்றையும் ஒரே வாட்ஸ்அப் செய்தியாக அனுப்புங்கள். இப்படி:

“அண்ணா, வணக்கங்க. நாளைக்கு வியாழக்கிழமை காலைல 9.30 மணிக்கு மேல, 11 மணிக்குள்ள கொடுக்கணுங்க. கைப்பொக்கே, சிவப்பு ரோஸ் 21, ஜிப்சோபிலா கொஞ்சம், ஸ்ப்ரே வேண்டாங்க. ரோஸ் கிடைக்கலீன்னா சிவப்பு கார்னேஷன் போடுங்க. காம்புல ஈரப்பஞ்சு சுத்திருங்க. அட்டைல கீழ இருக்கறத அப்படியே எழுதுங்க. லொக்கேஷனும் வாங்கறவங்க நம்பரும் இதோட இருக்குங்க. கெளம்பறதுக்கு முன்னாடி போட்டோ அனுப்புங்க.”

அட்டை வாசகத்தைத் தனிச் செய்தியாகத் தட்டச்சு செய்து அனுப்புங்கள். போனில் சொன்னால் “வாழ்த்துகள்” “வாள்த்துகள்” ஆகிவிடும். கடைசி வரியில் உங்கள் பெயர். விளையாட்டாகச் சொல்லவில்லை, அனுப்பியவர் பெயரே இல்லாமல் போகும் பொக்கேக்கள் உண்டு.

கூகுள் பேயில் பாதி முன்பணம், போட்டோ பார்த்ததும் மீதி என்று பேசிக்கொள்ளலாம். பணம் திரும்பி வரவேண்டியிருந்தால் நினைவில் வையுங்கள்: பணம் பெறுவதற்கு நீங்கள் எந்தக் கியூ.ஆரையும் ஸ்கேன் செய்யவேண்டியதில்லை, பின் நம்பரும் போடவேண்டியதில்லை. கேட்டால் மோசடி.

6. கிளம்பும் முன் போட்டோ

மூன்று விஷயம் பாருங்கள்: காம்பு எண்ணிக்கை, அட்டையின் எழுத்து, காம்படியில் ஈரம். ஈரப்பஞ்சைச் சுற்றி அதன்மேல் பாலிதீன் கவர் போட்டு ரப்பர் பேண்ட் கட்டியிருந்தால் இரண்டு மூன்று மணி நேரம் தாங்கும். பைக்கில் போனால் அட்டைப்பெட்டிக்குள் வைத்து எடுத்துப்போகச் சொல்லுங்கள். கூடையோ ஸ்டாண்டோ என்றால் காரோ ஆட்டோவோ தேவை, அதற்குத் தனிக் கட்டணம் கேட்பதில் நியாயம் இருக்கிறது.

வீட்டுப் பெண்களுக்குத் தலையில் வைக்க இரண்டு முழம் மல்லிகையும் சேர்த்து அனுப்பச் சொன்னால் பொக்கேவைவிட அதுதான் முதலில் கைக்குப் போகும். வாழை இலையில் தனியாகப் பொதிந்து தரட்டும், பொக்கேவுக்குள் சொருகவேண்டாம். மார்கழி, தைப் பனியில் வரத்துக் குறைந்து மல்லிகை விலை எகிறும், அப்போது முல்லை கேட்டுப் பாருங்கள்.

7. வாங்கியவருக்கு நீங்கள் அனுப்பவேண்டிய செய்தி

பேப்பரைப் பிரித்து, காம்பின் அடியில் ஒரு அங்குலம் சாய்வாக வெட்டிவிட்டு உடனே தண்ணீரில் வைக்கவேண்டும். வெட்டிய வாயில் காற்று அடைத்துக்கொண்டால் தண்ணீர் ஏறாது. ரோஜா கழுத்து சாய்வதற்கு இது ஒரு முக்கியக் காரணம். தண்ணீருக்குள் மூழ்கும் இலைகளைக் கிள்ளிவிடுங்கள், அழுகினால் தண்ணீர் நாறும். போர்த் தண்ணீர் உப்பாக இருக்கும் வீடுகளில் குடிக்கிற நல்ல தண்ணீரையே ஊற்றுங்கள். சர்க்கரை போடலாமா என்று கேட்பார்கள். லிட்டருக்கு ஒரு டீஸ்பூன் சர்க்கரையும் சில சொட்டு எலுமிச்சைச் சாறும் சேர்க்கலாம்தான், ஆனால் வெறும் சர்க்கரை மட்டும் போட்டால் கிருமிக்குத்தான் தீனி. தினமும் தண்ணீர் மாற்ற முடிந்தால் எதுவுமே தேவையில்லை.

டி.வி. மேலும் பேன் காற்றுக்கு நேராகவும் வைக்கக்கூடாது. சாமி அறையில் பழுத்த வாழைத்தாருக்குப் பக்கத்திலும் வேண்டாம். பழம் பழுக்கும்போது வெளிவரும் எத்திலீன் வாயுவில் கார்னேஷன் இதழ் உள்ளே சுருண்டு தூங்கிவிடும்.

கூடைப் பொக்கே என்றால் உள்ளே பச்சை ஃபோம் இருக்கும். தினமும் அரை டம்ளர் தண்ணீர் அதன்மேல் மெல்ல ஊற்றுங்கள். ஒருமுறை முழுதாகக் காய்ந்துவிட்டால் பிறகு எவ்வளவு ஊற்றினாலும் சரியாக உறிஞ்சாது. பூ முடிந்ததும் காம்பையும் இலையையும் தென்னை மரத்தடியில் போடலாம். ஃபோமைப் போடாதீர்கள், அது மக்காது. பொடிப்பொடியாக உதிர்ந்து மண்ணிலேயே கிடக்கும்.