தனியாக ஹைதராபாத் வரை: பெரும்பாலும் எங்கே சறுக்குகிறோம்

பாலக்காடு மாவட்டத்தில் இருக்கிற எங்கள் கொழிஞ்சாம்பாறையிலிருந்து ஹைதராபாத் ஆயிரம் கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. வேலந்தாவளம் தாண்டி, கோவை பைபாஸ் ஏறி, சேலம், தர்மபுரி, ஓசூர், பெங்களூரு, அனந்தபூர், கர்நூல். மேப்பைக் கேட்டால் பதினாறு மணி நேரம் என்று காட்டும். "விடியக்காலை நாலு மணிக்கு விட்டால் ராத்திரி எட்டு மணிக்குப் பிரியாணி" என்று எங்கள் ஊர்ப் பையன்கள் கணக்குப் போடுவார்கள். முதல் தடவை நானும் அப்படித்தான் போட்டேன்.

அந்தப் பதினாறு மணி நேரம் வண்டிக்கான கணக்கு. டீ, டீசல், இடுப்பு வலி எதுவும் அதில் சேராது. மாற்றி ஓட்ட ஆள் இருந்தால் எப்படியோ சமாளிக்கலாம். தனியாள் என்றால் ஒரு நாளைக்கு 500 கிலோமீட்டரோடு நிறுத்திக்கொள்வது நல்லது. முதல் நாள் பெங்களூரைத் தாண்டிச் சிக்கபல்லாபூரில் அறை எடுத்துவிட்டால் கிட்டத்தட்டப் பாதி முடிந்துவிடும். சாயங்காலம் ஆபீஸ் விடுகிற நேரத்தில் மட்டும் பெங்களூருக்குள் மாட்டிக்கொள்ளாதீர்கள்.

நான் தங்கவில்லை. அனந்தபூரில் மூன்று மணிக்கு, பசியில், ஆந்திரா மீல்ஸ். பருப்புப் பொடியும் நெய்யும், அப்புறம் பப்பு, அப்புறம் கோங்குரா. பரிமாறுகிறவர் கேட்காமலே சோறு போட்டுக்கொண்டிருந்தார், நானும் தடுக்கவில்லை. கிளம்பி அரை மணி நேரம் இருக்கும். பின்னால் வந்த லாரியின் ஹாரன்தான் என்னை எழுப்பியது. இடது பக்கச் சக்கரம் இரண்டும் வெள்ளைக்கோட்டைத் தாண்டி மண்ணில் ஓடிக்கொண்டிருந்தன. கண் மூடியதே எனக்குத் தெரியாது. நூறு கிலோமீட்டர் வேகத்தில் வண்டி நொடிக்கு 28 மீட்டர் போகிறது. மூன்று நொடி சொக்கினால் 80 மீட்டருக்கு மேல் யாரும் ஓட்டாத வண்டி.

பாட்டைச் சத்தமாக வைப்பது, கண்ணாடியை இறக்குவது, முகம் கழுவுவது எல்லாம் பத்து நிமிஷத்துக்குத்தான் தாங்கும். கொட்டாவி அடுக்கடுக்காக வந்தாலோ, கடைசியாகப் பார்த்த ஊர்ப் பலகை ஞாபகம் வராவிட்டாலோ, அடுத்த பெட்ரோல் பங்கில் ஒதுங்குங்கள். ஒரு காபி குடித்துவிட்டு உடனே இருபது நிமிஷம் சாய்ந்துகொள்ளுங்கள். காபி வேலை செய்ய அவ்வளவு நேரம் ஆகும் என்பதால், எழும்போது இரண்டும் சேர்ந்து கைகொடுக்கும். ரோட்டோரத்தில் நிறுத்தித் தூங்குவது மட்டும் கூடாது. மதியச் சாப்பாடு அரை வயிறு போதும். ராத்திரி இரண்டிலிருந்து ஐந்து வரை உடம்பு தானாகவே தூக்கம் கேட்கும், அந்த நேரத்தில் சாலையிலேயே இருக்காதீர்கள்.

இருட்டில் இன்னொரு வம்பும் உண்டு. பழுதான லாரி பின்விளக்கு இல்லாமல் பாதையிலேயே நிற்கும். டிரைவர் லாரிக்குப் பின்னால் பத்திருபது அடி தள்ளி மரக்கிளையோ கல்லோ போட்டுவைத்திருப்பார், அவ்வளவுதான் எச்சரிக்கை. ரோட்டில் இலை தழை கிடந்தால் குப்பை என்று நினைக்காமல் உடனே வேகத்தைக் குறையுங்கள்.

டயரில் பட்டன் (மேலே வரிவரியாக இருக்கிற வெட்டு) ஆழத்தை எல்லோரும் பார்க்கிறார்கள், வயதைப் பார்ப்பதில்லை. பக்கவாட்டில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். 2318 என்றால் 2018-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் செய்த டயர். ஸ்டெப்னியிலும் அதைப் பாருங்கள். என் ஸ்டெப்னி புதுசு போலப் பளபளத்தது, பார்த்தால் என் மகள் பள்ளிக்கூடம் சேர்வதற்கு முந்தியது. காற்றை வீட்டிலிருந்து கிளம்புமுன், டயர் ஆறியிருக்கும்போது பிடியுங்கள். அனந்தபூர் வெயிலில் ஓடிச் சூடான டயரில் அழுத்தம் கூடத்தான் காட்டும். அதைப் பார்த்துக் காற்றை இறக்கிவிட்டால், டயர் இன்னும் சூடேறி வெடிக்க நாமே வழி செய்தது போல.

ஃபாஸ்டேக் ரீசார்ஜை முந்தின நாளே முடித்துவிடுங்கள். டோல் வரிசையில் நின்றுகொண்டு போனைத் தட்டினால் பணம் உடனே ஏறாது, டேக் வேலை செய்யாவிட்டால் கூடுதலாகக் கட்ட வேண்டிவரும். மேப்பை வைஃபை இருக்கும்போதே இறக்கி வையுங்கள். பாஷையைப் பற்றிக் கவலை வேண்டாம், பஞ்சர் என்பதும் ஸ்டெப்னி என்பதும் கர்நூலிலும் அதேதான்.

வண்டி நின்றுபோனால் தேசிய நெடுஞ்சாலைக்கு 1033, எந்நேரமும் எடுப்பார்கள். ஆனால் "அனந்தபூர் பக்கம்" என்றால் அவர்களுக்கு ஒன்றும் புரியாது. கிலோமீட்டர் கல்லில் இருக்கிற எண்ணைச் சொல்லுங்கள். எந்தெந்த ஊரில் நின்று கூப்பிடுவேன் என்று வீட்டில் முன்பே சொல்லிவிட்டால், ஓட்டும்போது அம்மாவின் மிஸ்டுகால்கள் வராது.

திரும்பி வரும்போது, வீடு நெருங்கிவிட்டது என்ற நினைப்பில் கால் தானாக அழுத்தும். அந்த நேரம் பார்த்துத்தான் தர்மபுரிக்குக் கீழே தொப்பூர் கணவாய் இறக்கம் வரும். பிரேக் பிடிக்காமல் லாரிகள் மோதுவதற்குப் பேர்போன இடம். டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் இறக்காதீர்கள், கீழ் கியரில் போட்டு இன்ஜினையே பிடிக்க விடுங்கள். முன்னால் போகிற லாரியிலிருந்து கருகிய வாடை வந்தால் அதன் பிரேக் தீய்ந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். பின்னாலேயே இடைவெளி விட்டு வாருங்கள், முந்திப்போய் அதன் மூக்குக்கு நேராக நிற்க வேண்டாம்.